518-ஆம் எண் பேருந்தில் அப்பாவோடு

தென் கொரியாவின் குவாங்ஜூ நகரில் 518 என்ற எண்ணில் ஒரு பேருந்து ஓடுகிறது. கோலாலம்பூரில் பேருந்து எண்களுக்கு நாம் அர்த்தம் தேடுவதில்லை. இங்கே தேடலாம். ஐந்தாம் மாதம், பதினெட்டாம் நாள். 1980 மே 18-ஆம் தேதி இந்த ஊரில் தொடங்கிய மக்கள் எழுச்சியின் தேதியைத்தான் பேருந்தின் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரின் முக்கியச் சாலை வழியாகப் போய், அந்த எழுச்சியில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு அது நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

2025 மே மாதம் அந்தப் பேருந்தில் நானும் அப்பாவும் ஏறினோம். உண்மையில் அம்மாதான் என்னுடன் வந்திருக்க வேண்டும். பத்து வருடமாகக் கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து, சியோலில் எந்தத் தெருவில் எந்தக் கதாநாயகன் அழுதான் என்பதுவரை அவருக்குத் தெரியும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் முட்டி வலி முற்றி, மருத்துவர் பயணம் வேண்டாம் என்றுவிட்டார். “டிக்கெட் வீணாப் போவுதே” என்ற ஒரே காரணத்துக்காக அப்பா வந்தார். பெட்டியில் பாதி ஊறுகாய், பாதி ஸ்வெட்டர். மே மாதத்தில் அங்கே ஸ்வெட்டர் தேவையில்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்.

அம்மாவின் பட்டியலில் இருந்த அரண்மனை, ஆறு, சந்தை எல்லாவற்றையும் சியோலில் முடித்துவிட்டு, குவாங்ஜூவுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருந்தேன். ஏன் என்று அப்பாவிடம் முழுதாகச் சொல்லவில்லை.

காரணம் வானொலி. 2024 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு, கொரிய அதிபராக இருந்த யூன் சுக் இயோல் திடீரென ராணுவச் சட்டத்தை அறிவித்தார். வடகொரிய ஆதரவு சக்திகளிடமிருந்து நாட்டைக் காப்பாற்றவே இது என்றார். மக்கள் நாடாளுமன்ற வாசலில் திரண்டார்கள், உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய் வாக்களித்தார்கள், சில மணி நேரத்தில் சட்டம் கைவிடப்பட்டது. மறுநாள் மாலை நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேசினேன். மக்கள் சக்தி, ஜனநாயகம் என்றெல்லாம் கொஞ்சம் உற்சாகமாகவே பேசிவிட்டேன். ஒரு நேயர் அழைத்தார். நிதானமான குரல். “தங்கச்சி, அந்த நாட்டுல அமெரிக்க ராணுவம் 28,500 பேர் உக்காந்திருக்கான். அவனுக்குத் தெரியாம அங்க கூட்டம் கூடுமா, கலையுமா? எங்க போராட்டம் நடந்தாலும் பின்னால ஒருத்தன் இருப்பான்” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டுப் பாட்டுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தால் அப்பா சாப்பாட்டு மேசையில், “அவரு கேட்டது சரிதானே. நீ ஏன் பாட்டைப் போட்ட?” என்றார்.

அந்தப் பாட்டின் பாக்கியை அடைக்கத்தான் குவாங்ஜூ.

சியோலின் யோங்சான் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நாங்கள் வந்தது மே 17, சனிக்கிழமை. நினைவு நாளுக்கு முந்தைய மாலை. கும்னம்ரோ என்ற அகலமான சாலையை வாகனங்களுக்கு மூடிவிட்டிருந்தார்கள். துக்க நாள் என்று நினைத்துக் கருப்புச் சட்டை போட்டுப் போனேன். ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலை அடிவாரம் இருப்பது போலத் தெரு முழுக்கப் பந்தல்கள், பிள்ளைகள், மேளம், சாப்பாடு. ஒரு பந்தலில் நடுத்தர வயதுப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்து, கடற்பாசித் தூள் தூவி, வருவோர் போவோருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜுமொக்பாப் என்று பெயர். ஜுமொக் என்றால் முட்டி, பாப் என்றால் சோறு. முட்டி பிடித்த சோறு. அப்பா ஒன்றை வாயில் போட்டு, “உப்பு கம்மி” என்றார். பிறகு இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

அந்தச் சோற்று உருண்டைக்கும் ஒரு கதை உண்டு. 18 ஆண்டுகள் நாட்டை ஆண்ட பார்க் சுங் ஹீ 1979 அக்டோபரில் தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் சுன் டூ ஹ்வான் என்ற தளபதி ராணுவத்தைக் கைப்பற்றினார். 1980 மே 17 நள்ளிரவில் ராணுவச் சட்டம் நாடு முழுக்க விரிந்தது. மறுநாள் காலை குவாங்ஜூவில் உள்ள சொன்னாம் தேசியப் பல்கலைக்கழக வாசலில் மாணவர்களை சிறப்புப் படைச் சிப்பாய்கள் தடியால் அடித்துத் துவைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் விடவில்லை. அந்த அடிதான் ஊரையே தெருவுக்கு இழுத்தது. 20-ஆம் தேதி மாலை டாக்சிகளும் பேருந்துகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒலிப்பானை அழுத்திக்கொண்டு, வரிசையாக இந்தச் சாலையில் வந்தன. 21-ஆம் தேதி மதியம், சாலை முடியும் இடத்தில் இருக்கும் மாநில அலுவலகத்தின் முன்னால் ராணுவம் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. மக்கள் காவல் நிலையங்களிலிருந்து துப்பாக்கிகளை எடுத்தார்கள். ராணுவம் ஊர் எல்லைக்குப் பின்வாங்கியது.

அதற்குப் பிறகு ஐந்தாறு நாள் இந்த ஊரில் அரசாங்கம் இல்லை. கொள்ளை நடக்கவில்லை. சந்தைப் பெண்கள் அடுப்பு மூட்டிச் சோறு பிடித்துக் கொடுத்தார்கள். ரத்தம் கொடுக்க மருத்துவமனைகளில் வரிசை நின்றது. மே 27 விடியும் முன் ராணுவம் டாங்கிகளோடு திரும்பி வந்தது. மாநில அலுவலகத்துக்குள் கடைசிவரை இருந்தவர்களைச் சுட்டு முடித்தது. இறந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை. அரசின் பட்டியல் இருநூறைத் தாண்டவில்லை. திரும்பி வராத பிள்ளைகளைத் தேடும் குடும்பங்கள் அந்தப் பட்டியலை ஏற்கவில்லை. 2024-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஹான் காங் இந்த ஊரில் பிறந்தவர். இந்தப் பத்து நாளைப் பற்றி ஒரு நாவலே எழுதியிருக்கிறார்.

மாநில அலுவலகம் நாங்கள் போனபோது பழுதுபார்ப்பு வேலிக்குள் இருந்தது. எதிரே நீரூற்று. பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு. மாலை 5.18-க்கு அதிலிருந்து ஒரு பாட்டு வந்தது. கூட்டத்தில் பலர் கூடவே முணுமுணுத்தார்கள். கடைசி இரவில் இறந்த ஓர் இளைஞருக்கும், அதற்கு முன்பே இறந்துவிட்ட அவருடைய தோழிக்கும் 1982-இல் நடத்திய ஆவித் திருமணத்தை ஒட்டிப் பிறந்த பாட்டு அது. ஹாங்காங், தைவான், தாய்லாந்துப் போராட்டங்களில்கூட மொழி மாற்றிப் பாடியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு ஜொனில் கட்டடத்துக்குப் போனோம். பத்து மாடி. அதன் பெயரே ‘ஜொனில் கட்டடம் 245’. சாலை முகவரியும் 245, தடயவியல் துறை எண்ணிச் சொன்ன தோட்டாத் தடங்களும் 245. பத்தாவது மாடியில் தூண், தரை, கூரை எங்கும் தடங்களைச் சுற்றிக் குறியிட்டிருக்கிறார்கள். மாடிக்குள் தரையில் தோட்டா இறங்க வேண்டுமானால் மேலேயிருந்துதான் சுட்டிருக்க வேண்டும். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று 2017-இல் அறிக்கை வந்தது. அதே வருடம் வெளிவந்த நினைவுக்குறிப்பு நூலில், ஹெலிகாப்டர் சூடு பொய் என்றும், அதைப் பார்த்ததாகச் சொன்ன பாதிரியார் பொய்யர் என்றும் சுன் டூ ஹ்வான் எழுதியிருந்தார். 2020-இல் குவாங்ஜூ நீதிமன்றம் அவரை அவதூறுக் குற்றவாளி என்றது.

அப்பா தொலைபேசித் துறையில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். சுவரில் ஓட்டை என்றால் எந்தப் பக்கமிருந்து துளைத்தது என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம். தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து, கையால் கோணம் பிடித்து, சன்னலைப் பார்த்தார். “மேல இருந்துதான் வந்திருக்கு” என்றார். நீதிமன்றத்தைவிட எனக்கு அந்தத் தீர்ப்பு முக்கியமாக இருந்தது.

அங்கிருந்து சற்று நடந்தால் மே 18 ஆவணக் காப்பகம். பழைய கத்தோலிக்க மையக் கட்டடம். உள்ளே கையெழுத்துத் துண்டறிக்கைகள், நிருபர்களின் குறிப்பேடுகள், மருத்துவமனைப் பதிவுகள், ஒரு பள்ளி மாணவியின் நாட்குறிப்பு. 2011-இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கேதான் நான் அப்பாவிடம் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினேன். வண்டியின் மேல் இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் அமர்ந்து, கேமராவை முறைக்கும் ஓர் இளைஞர். முகத்துக்குப் பக்கத்தில் யாரோ ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். 1.

குவாங்ஜூ எழுச்சியை நடத்தியது வடகொரியா என்று சொல்பவர்கள் அன்றிலிருந்தே உண்டு. சுன் அரசு, எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே ஜுங் தூண்டிவிட்டார் என்று சொல்லி அவருக்கு மரண தண்டனை விதித்தது. (அவர் பிறகு அதிபராகி, நோபல் அமைதிப் பரிசும் வாங்கினார்.) பிற்காலத்தில் அந்தக் கதை வளர்ந்து, வடகொரியச் சிறப்புப் படை வீரர்கள் 600 பேர் ஊடுருவினார்கள் என்று ஆனது. 2013-இல் இரண்டு தொலைக்காட்சிகள் அதை ஒளிபரப்பி, பிறகு மன்னிப்புக் கேட்டன. ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி 1980-ஆம் ஆண்டுப் படங்களில் உள்ள ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, இவர் இன்ன வடகொரியத் தளபதி, அவர் இன்ன அதிகாரி என்று எழுதினார். எண்கள் அறுநூறைத் தாண்டின. அந்த முகங்களில் பலர் இந்த ஊரிலேயே உயிரோடு இருந்தார்கள். தன் முகத்தைப் பார்த்து வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருடைய இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையை உறுதி செய்தது.

முதலாம் எண்காரர்? அவர் யார் என்று பல வருடம் யாருக்கும் தெரியவில்லை. அவரைத் தேடி ஓர் ஆவணப்படமே எடுத்தார்கள். 2022-இல் உண்மை கண்டறியும் ஆணையம் அவரைக் கண்டுபிடித்தது. சாதாரணக் குடிமகன். தன்னை வடகொரியச் சிப்பாய் என்று ஒரு கூட்டம் சொல்லித் திரிவது அவருக்கு வெகு காலம் தெரியவே தெரியாது.

அப்பா படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியும். நம்மில் முப்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் 2007 நவம்பர் 25 ஞாபகம் இருக்கும். கோலாலம்பூர் அம்பாங் சாலை. கையில் காந்தி படம். கண்ணீர்ப் புகை, நீர்ப் பீரங்கி. அண்ணன் போயிருந்தான். பட்டர்வொர்த்திலிருந்து நண்பர்களோடு, வீட்டில் சொல்லாமல். திரும்பி வந்தபோது கண் இரண்டும் மிளகாய்ப் பழம். அம்மா ஈரத் துணி வைத்து ஒத்தி எடுத்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் டிசம்பரில், இந்த இயக்கத்துக்கு விடுதலைப் புலிகளோடு தொடர்பு இருக்கிறது என்று காவல்துறைத் தலைமையே சொன்னது. இயக்கத்தினர் மறுத்தார்கள். ஐந்து தலைவர்களை விசாரணையின்றி உள்ளே வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பா அண்ணனைக் கூடத்தில் நிற்க வைத்துக் கேட்டார்: “யாருடா உனக்குப் பணம் கொடுத்தது?”

பேருந்துக் கட்டணத்துக்கு அண்ணன் என்னிடம் கடன் வாங்கியிருந்தான். இருபது ரிங்கிட். அதை நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் அப்பாவோடு வானிலையும் வாகனமும் பேசுவான், வேறொன்றும் பேச மாட்டான்.

மதியத்துக்கு மேல் 518-இல் ஏறினோம். காலையில் அரசு விழா முடிந்திருந்ததால் கூட்டம் குறைவு. அப்பாவுக்குச் சன்னலோர இருக்கை. கொஞ்ச தூரம் போனதும் அவரே ஆரம்பித்தார்.

“சரிம்மா. வடகொரியா இல்ல. ஒத்துக்கிறேன். அமெரிக்காவும் இல்லன்னு சொல்லுவியா?”

சொல்ல மாட்டேன். அதுதான் சிக்கல். கொரியாவில் 1978-லிருந்து இரு நாட்டுக் கூட்டுப் படைத் தலைமை இருக்கிறது. தலைவர் அமெரிக்கத் தளபதி. 1980 மே மாதம் 20-ஆம் படைப்பிரிவை அனுப்ப வேண்டும் என்று கொரியத் தளபதிகள் சொன்னபோது அமெரிக்கா மறுக்கவில்லை. முதல் நாள் அடித்துத் துவைத்த சிறப்புப் படை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, அனுப்பியது எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்று 1989-இல் அறிக்கை விட்டது. ஆனால் 1996-இல் டிம் ஷோரக் என்ற பத்திரிகையாளர், ரகசியம் நீக்கிய ஆவணங்களைத் திரட்டி வெளியிட்டார். மாணவர்களை அடக்க ராணுவத்தைப் பயன்படுத்தும் திட்டம் மே மாதத் தொடக்கத்திலேயே அமெரிக்கத் தூதரகத்துக்குத் தெரிந்திருந்ததும், அதை எதிர்க்கப் போவதில்லை என்று சொல்லியிருந்ததும் அவற்றில் இருந்தன. மே 22 அன்று வெள்ளை மாளிகைக் கூட்டம், முதலில் ஒழுங்கு திரும்பட்டும், பிறகு ஜனநாயகத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவெடுத்தது. 1981 பிப்ரவரியில், ரீகன் பதவியேற்ற சில நாட்களிலேயே சுன் டூ ஹ்வான் வெள்ளை மாளிகை விருந்தாளி.

“பாத்தியா” என்றார் அப்பா. ஜெயித்த முகம்.

“இருங்கப்பா. கை இருந்துச்சு. எந்தப் பக்கம் இருந்துச்சு?”

அவர் பதில் சொல்லவில்லை. நான் அவருக்கு அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னேன். அந்த நாட்களில் அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் கோரல் சீ கொரியக் கடலை நோக்கி வந்தது. குவாங்ஜூ மக்களுக்குச் செய்தி எட்டியதும் ஊரே மகிழ்ந்தது. நம்மைக் காப்பாற்றத்தான் அமெரிக்கா வருகிறது என்று சுவரொட்டி எழுதினார்கள். நட்பு நாடு, ஜனநாயக நாடு, வேறெதற்கு வரும்? வந்த காரணம் வேறு. இந்தக் குழப்பத்தில் வடகொரியா எதுவும் செய்துவிடக் கூடாது என்று எச்சரிக்க. கடைசி நாளில் மாநில அலுவலகத்தில் இருந்தவர்கள், அமெரிக்கத் தூதர் நடுவராக வந்து பேச வேண்டும் என்று வெளிநாட்டு நிருபர் வழியாகக் கேட்டுப் பார்த்தார்கள். தூதர் மறுத்துவிட்டார். சில மணி நேரத்தில் டாங்கிகள் வந்தன.

முந்தைய நாள் பந்தலில் ஆங்கிலம் பேசிய ஒரு தன்னார்வலர் அம்மாவிடம் இந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தேன். 1980-இல் அவர் நடுநிலைப் பள்ளி மாணவி. “எங்கம்மா நம்பினாங்க. ரொம்ப நாள் நம்பினாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சோறு கொடுக்கத் திரும்பிவிட்டார். அந்த நம்பிக்கை உடைந்ததன் சத்தம் பிறகு கேட்டது. அதே ஆண்டு டிசம்பரில் குவாங்ஜூவிலும், 1982-இல் பூசானிலும் அமெரிக்கப் பண்பாட்டு மையங்களுக்குத் தீ வைத்தார்கள். பூசானில் ஓர் உயிரும் போனது. 1985-இல் மாணவர்கள் சியோலில் அமெரிக்க நூலகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நட்பு நாட்டு மக்கள் அமெரிக்காவைக் கோபித்துக்கொண்டது அங்கிருந்துதான் தொடங்கியது.

எங்கள் விஷயமும் அதே மாதிரிதானே என்று பேருந்தில்தான் எனக்கு உறைத்தது. 2007-இல் அம்பாங் சாலைக்குப் போனவர்கள் கொண்டுபோன மனு யாருக்கு? பிரிட்டிஷ் மகாராணியாருக்கு. நம்மைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்களே வந்து கேட்கட்டும் என்று. வெளிநாட்டை நாமே கூப்பிட்டோம், வாசலில் நின்று. கதவு திறக்கவில்லை. பிறகு வேறொரு வெளிநாட்டுப் பெயரைச் சொல்லி, அவர்கள்தான் அனுப்பினார்கள் என்றார்கள்.

அப்பா சளைப்பவர் இல்லை. “அப்ப பெர்சேவுக்குப் பணம் வரலயா?” என்றார். வந்தது. 2011-இல் அம்பிகா சீனிவாசனே வெளிப்படையாகச் சொன்னார், இரண்டு அமெரிக்க அமைப்புகளிடமிருந்து சில திட்டங்களுக்குப் பணம் வந்தது, பேரணிக்கு இல்லை என்று. இந்த மாதிரிப் பணத்துக்கென்றே அமெரிக்க நாடாளுமன்ற நிதியில் 1983-லிருந்து ஓர் அறக்கட்டளை நடக்கிறது. யார், எவ்வளவு, எதற்கு என்று கேட்பதில் தவறே இல்லை. நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுப்பவர் யார் என்று நேயர் கேட்டால் நான் சொல்ல வேண்டுமல்லவா, அதுபோல. அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 1953-இல் தெஹ்ரானில் பணம் கொடுத்தே கூட்டம் சேர்த்தார்கள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதமரைக் கவிழ்க்க. தன் பங்கை அமெரிக்க உளவுத்துறையே பிற்பாடு ஒப்புக்கொண்டது. ஆகவே அந்த நேயர் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை. நான் பாட்டைப் போட்டதுதான் தப்பு.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர் பதிலுக்காகக் காத்திருக்கிறாரா என்பதை நான் இப்போது கவனிக்கிறேன். கணக்கைக் காட்டு என்பது ஒரு கேள்வி. நீ தானாக வந்திருக்க மாட்டாய் என்பது வேறு. இரண்டாவதற்கு எந்த ரசீதும் போதாது. சோறு பிடித்த பெண்ணின் முகத்திலும் எண் போட்டுவிடுவார்கள். இதில் கட்சி பேதம் கிடையாது. 2025 பிப்ரவரியில் இதே கும்னம்ரோவில் ஒரே நாளில் இரண்டு கூட்டம். நடுவே காவல்துறை. யூனைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்பவர்கள் ஒரு பக்கம். அவருக்கு ஆதரவானவர்கள் மறுபக்கம். ஆதரவாளர்களின் பேரணிகளில் அமெரிக்கக் கொடி பறப்பது வழக்கம். எதிர்த்தரப்புக்குப் பின்னால் சீனா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இன்னொரு நாட்டின் கொடியைப் பிடித்து ஆட்டுவது அவர்களுக்கு விசித்திரமாகப் படவில்லை. ஏப்ரல் 4-ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் யூனை நீக்கியது. இஸ்ரேலில் 2023-இல் நீதித்துறை மாற்றத்தை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தபோதும், பின்னால் அமெரிக்க வெளியுறவுத்துறை இருக்கிறது என்று பிரதமரின் மகன் எழுதினார். மிக நெருங்கிய நட்பு நாட்டைப் பற்றியே.

கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. புதிய மயானம் பளிச்சென்று, அரசு முறையில். ஒவ்வொரு கல்லிலும் ஒரு படம். பள்ளிச் சீருடையில் சிலர். கல்யாணப் படம் சில. படம் கிடைக்காதவர்களுக்குப் பூ. பழைய மயானம் மாங்வோல்டோங் சற்றுத் தள்ளி. 1980-இல் குப்பை வண்டிகளில்கூட உடல்களைக் கொண்டுவந்து புதைத்தது அங்கேதான். நுழையும் வழியில், தரையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். சுன் டூ ஹ்வான் 1982-இல் பக்கத்துக் கிராமத்தில் தங்கிப் போனதற்காக வைத்த நினைவுக் கல். மக்கள் அதைப் பெயர்த்து வந்து, வருகிறவர்கள் மிதித்துப் போகட்டும் என்று போட்டுவிட்டார்கள். அப்பா மிதிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனார். “பேர் எழுதின கல்லை மிதிக்கக் கூடாது” என்றார். நான் மிதித்தேன்.

உள்ளே ஒரு ஜெர்மானியருக்கும் இடம் இருக்கிறது. யூர்கன் ஹின்ஸ்பீட்டர், தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர். டாக்சியில் இந்த ஊருக்குள் புகுந்து படமெடுத்து வெளியே கொண்டுபோனவர். கொரியாவில் அவரைப் பற்றி 2017-இல் வந்த ‘டாக்சி டிரைவர்’ படத்தை அம்மா மூன்று முறை பார்த்திருக்கிறார். தான் இறந்தால் இங்கே புதையுங்கள் என்று கேட்டவருடைய முடியும் நகமும் இங்கே இருக்கின்றன.

“இவரும் வெளிநாட்டுக் கைதான்” என்றேன். அப்பா சிரித்துவிட்டார்.

இன்னொன்றும் சொன்னேன். இந்த ஊரார் மே 18 நினைவாக ஆண்டுதோறும் மனித உரிமை விருது ஒன்று கொடுக்கிறார்கள். 2016-இல் அதைப் பெற்றவர்களில் பெர்சேவும் ஒன்று. வாங்கப் புறப்பட்ட அப்போதைய தலைவி மரியா சின் அப்துல்லாவைக் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். “இந்த ஊருக்கா வரவிடல?” என்று அப்பா இரண்டு முறை கேட்டார். சுற்றிலும் பார்த்தார். பைன் மரங்கள், கல், பூ விற்கும் பாட்டி. “இங்க என்ன இருக்குன்னு?”

திரும்பும் பேருந்துக்கு நேரம் இருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அப்பா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தார். மறுபடி மடித்தார்.

“அந்த நம்பர் போட்ட படம் இருக்குல்ல. அதை உங்க அண்ணனுக்கு அனுப்பு.”

“என்னன்னு எழுதட்டும்பா?”

“நான் அனுப்பச் சொன்னேன்னு எழுது.”

எழுதினேன். கூடவே அந்த மனிதர் யார், 2022-இல் என்ன நடந்தது என்று நான்கு வரி. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. 518 வந்தது, ஏறினோம். கும்னம்ரோவில் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அண்ணனிடமிருந்து வந்தது, எனக்கு இல்லை, நேராக அப்பாவின் தொலைபேசிக்கு. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

“என்னப்பா?”

“சாப்பிட்டீங்களான்னு கேக்குறான்” என்றார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தி, வெகு நேரம் பதில் எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.